ஏற்கெனவே பணம் கட்டிய கட்டுரை

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்கலாம்.

சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு. இரவு பதினொரு மணி. பருவ விடுமுறைக்கு வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். வரலாற்றுத் துறையில் இரண்டாம் ஆண்டு. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் கங்காணி முறை எப்படி நடந்தது என்பது அவளுடைய இடுபணி. விரிவுரையாளர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில், வங்காள விரிகுடாவைக் கடந்து சென்ற தமிழர்களைப் பற்றி சுனில் அம்ரித் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு 'அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரிவியூ' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. தலைப்பைக் கூகலில் தட்டியதும் முதல் வரியிலேயே வந்து நிற்கிறது. திறந்து பார்த்தால் ஒரு பத்தி தெரிகிறது. மற்றது பூட்டு. கீழே விலை. இத்தகைய பக்கங்களில் ஒரு கட்டுரைக்கு 30, 40 அமெரிக்க டாலர் கேட்பது வழக்கம். மலேசியக் காசுக்கு நூறு வெள்ளிக்கு மேல்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த தாயார் கேட்கிறார்: "இன்னும் தூங்கலையாம்மா?"

"ஒரு கட்டுரை வேணும்மா. நூறு வெள்ளிக்கு மேல கேக்குறாங்க."

"படிப்புக்குத்தானே? அப்பாகிட்ட சொல்லிக் கட்டிடு."

அவள் கட்டவில்லை. கட்ட மனம் வரவில்லை. கணினியை மூடிவிட்டு, மறுநாள் இணையத்தில் சும்மா கிடைத்த இரண்டு மூன்று பொதுக் கட்டுரைகளை வைத்து எழுதி அனுப்பிவிட்டாள். மதிப்பெண்ணும் அதற்கேற்றபடிதான் வந்தது.

இதில் வருத்தப்பட வேண்டிய செய்தி என்னவென்றால், அந்தப் பணம் பெரும்பாலும் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும் என்பதே. கட்டியது அவளுடைய பல்கலைக்கழக நூலகம். அவளுடைய கல்விக் கட்டணமும், பொதுமக்களின் வரிப்பணமும் சேர்ந்துதான் அந்தச் சந்தாவாகப் போகின்றன.

சந்தா என்றால் நாளிதழ்ச் சந்தா போலச் சின்னத் தொகை என்று எண்ணிவிடக் கூடாது. 2012-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்கான ஆசிரியர் குழு ஓர் அறிக்கை விடுத்தது. சில பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கு மட்டுமே ஆண்டுச் செலவு 3.75 மில்லியன் டாலரை நெருங்கிவிட்டது என்றும், ஒரே இதழுக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் வரை கேட்கிறார்கள் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். உலகிலேயே செல்வம் மிகுந்த பல்கலைக்கழகம் இப்படிப் புலம்பியது என்றால் மற்றவற்றின் நிலையை விளக்க வேண்டியதில்லை. அச்சு இதழாக இருந்தால் வாங்கியது அலமாரியில் தங்கிவிடும். மின்னியல் ஆய்விதழோ பெரும்பாலும் வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால் பழைய இதழ்களே பார்வைக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. இவ்வளவு செலவழித்து வாங்கிய ஒன்றை, வாங்கியிருப்பது தெரியாமலேயே மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால், பல்கலைக்கழகம் பணம் கட்டியிருந்தும் அந்தப் பக்கம் ஏன் திறக்கவில்லை?

குடியிருப்புப் பகுதியின் வாசலில் நிற்கும் காவலர் வண்டியோட்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை, வண்டியில் ஒட்டியிருக்கும் வில்லையைத்தான் பார்க்கிறார். பதிப்பகத்தின் இணையத்தளமும் அப்படியே. இணையத்தில் நுழையும் ஒவ்வொரு கணினிக்கும் 'ஐ.பி. முகவரி' என்று ஓர் எண் உண்டு. பல்கலைக்கழக வளாகத்தின் எண்கள் எவை என்பது பதிப்பகத்திடம் பதிவாகியிருக்கும். வளாகத்துக்குள் உட்கார்ந்து திறந்தால் அந்த எண்ணைப் பார்த்துத் தளம் தானாக வழிவிடும். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து திறந்தால் அங்கே தெரிவது வீட்டு இணையச் சேவையின் எண். மாணவி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவள் என்பது அந்தத் தளத்துக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் வழிப்போக்கரிடம் கேட்பது போல விலை கேட்கிறது.

இதற்குத்தான் நூலகங்கள் ஒரு சுற்றுவழி வைத்திருக்கின்றன. முதலில் நூலக இணையத்தளத்துக்குப் போய், மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைந்து, அங்கிருந்து ஆய்விதழுக்குப் போக வேண்டும். அப்போது கோரிக்கை பல்கலைக்கழகத்தின் கணினி வழியாகச் செல்கிறது. பதிப்பகத்தின் கண்ணுக்கு அந்த மாணவி வளாகத்துக்குள் இருப்பவள். இந்த இடைக்கணினியைப் பிராக்ஸி என்பார்கள். உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் 'ஈஸி பிராக்ஸி' என்னும் மென்பொருளை 1999-இல் எழுதியவர் கிறிஸ் ஜாகர். பெரிய நிறுவனத்துப் பொறியியலாளர் அல்லர், அரிசோனாவில் ஒரு சமூகக் கல்லூரியின் நூலகர். தம்முடைய மாணவர்கள் வீட்டிலிருந்து படிக்க முடியவில்லையே என்ற தொல்லை அவருக்கும் இருந்திருக்கிறது. இப்போது பல பதிப்பகங்கள் தங்கள் பக்கத்திலேயே 'நிறுவனத்தின் வழி நுழைக' என்ற பொருளில் ஒரு பொத்தானும் வைத்திருக்கின்றன. அதை அழுத்திப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதே வேலை நடக்கும். விலைக்கு மேலேயோ பக்கத்திலேயோ சிறிய எழுத்தில் இருக்கும். விலை மட்டும் எப்போதும் பெரிய எழுத்தில்தான்.

அடுத்த சிக்கல் இதைவிடச் சுவையானது. ஒரே கட்டுரை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். மேலே சொன்ன 'அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரிவியூ' கட்டுரை வெளிவந்தபோது அந்த இதழைச் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டு வந்தது. இப்போது அதே இதழ் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் தளத்தில் இருக்கிறது. பழைய ஆய்விதழ்களைத் தொகுத்து வைப்பதற்காக 1995-இல் தொடங்கப்பட்ட 'ஜேஸ்டோர்' என்னும் தொகுப்பிலும் அது உண்டு. நூலகம் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சந்தா கட்டாமல் ஜேஸ்டோருக்குக் கட்டியிருக்கலாம். கூகல் கொண்டுபோய் விடுவதோ ஆக்ஸ்ஃபோர்டின் வாசலில். பின்கதவு திறந்திருக்க, முன்கதவில் நின்று தட்டிவிட்டுத் திரும்பிப் போகிற கதைதான் நடக்கிறது.

எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கே நூலகத் தளங்களில் ஓர் இணைப்பு இருக்கும். 'முழுக் கட்டுரை உண்டா' என்ற பொருளில் பல பெயர்களில் வரும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சொம்பல் உருவாக்கிய முறை இது. 2000-ஆம் ஆண்டளவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதை அழுத்தினால், நூலகம் சந்தா கட்டியிருக்கும் இடங்களில் அந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கேயே கொண்டுபோய்விடும்.

மாணவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நூலகத் தளத்துக்குச் சென்றவுடன் கண்ணில் படும் தேடல் பெட்டியில் கட்டுரைத் தலைப்பைத் தட்டுகிறார்கள். அது நூற்பட்டியலாக மட்டும் இருந்தால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். நூலகத்தில் இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். நூற்பட்டியலில் இதழின் பெயர்தான் இருக்கும், இதழுக்குள் இருக்கும் கட்டுரையின் பெயர் இருக்காது. நூல், கட்டுரை எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடித் தரும் பெட்டியை இப்போது பல நூலகங்கள் முகப்பிலேயே வைத்திருக்கின்றன. எது எந்தப் பெட்டி என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வந்தால் மின்னிதழ்களின் அகரவரிசைப் பட்டியலைத் திறந்து, இதழின் பெயரைத் தேடி, ஆண்டு, தொகுதி, இதழ் எண் என்று படிப்படியாக இறங்கலாம். மேற்கண்ட கட்டுரை 114-ஆம் தொகுதி, 3-ஆம் இதழ், 547-ஆம் பக்கம். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் தலைப்பை மறந்தாலும் கட்டுரை தப்பாது.

இன்னோர் எண்ணும் இருக்கிறது. 'டி.ஓ.ஐ.' என்பார்கள், 10 என்று தொடங்கும். கட்டுரையின் அடையாள அட்டை எண் மாதிரி. வீடு மாறினாலும் அடையாள அட்டை எண் மாறாதல்லவா? சுனில் அம்ரித்தின் கட்டுரைக்கு உரிய எண் 10.1086 என்று தொடங்குகிறது. அது சிகாகோவுக்கு உரிய தொடக்க எண். இதழ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன பிறகும் எண் மாறவில்லை, அதைக் கொண்டே இன்றும் கட்டுரையைச் சென்றடையலாம்.

இந்த எண் இப்போது வேறொரு வகையிலும் கைகொடுக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் 'இந்தத் தலைப்பில் கட்டுரைப் பட்டியல் கொடு' என்று கேட்கும் பழக்கம் மாணவர்களிடையே பரவிவிட்டது. அவையும் அழகாகக் கொடுக்கின்றன. ஆசிரியர் பெயர் உண்மை, இதழின் பெயர் உண்மை, ஆனால் அப்படி ஒரு கட்டுரை எழுதப்பட்டதே இல்லை என்ற நிலை பலமுறை நேர்கிறது. தொகுதியையும் பக்கத்தையும் நூலகத் தளத்தில் பார்த்தால், டி.ஓ.ஐ. எண்ணைத் தட்டிப் பார்த்தால், ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பார்க்காமல் மேற்கோள் பட்டியலில் சேர்த்துவிட்டால் குட்டு வாங்குவது மாணவர்.

இதுவரை சொன்னது பெயர் தெரிந்த கட்டுரையைப் பற்றி. பெயர் தெரியாதபோது, தலைப்பு மட்டுமே கையில் இருக்கும்போது, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதுதான் கேள்வி. இங்கேதான் தமிழ் தெரிந்த மாணவருக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் இருக்கின்றன. 'கங்காணி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதன் கடைசி எழுத்தை 'ஐ' என்று போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் 'ஒய்' என்று போட்டார்கள். ஓர் எழுத்து வேறுபாடுதான். ஆனால் கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தட்டினால் மற்றது வராமல் போகலாம். பெரும்பாலான தரவுத்தளங்களில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஒரு நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும். அல்லது இரண்டு எழுத்துக்கூட்டலையும் எழுதி நடுவில் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடலாம். இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும்.

காலத்துக்கும் தக்கபடி சொல்லை மாற்ற வேண்டியிருக்கும். 1963-க்கு முந்திய எழுத்துகளில் மலேசியா என்று தேடிப் பயனில்லை. மலாயா, நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள் என்ற பெயர்களின் ஆங்கில வடிவங்களைப் போட வேண்டும். தமிழர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். 'தென்னிந்தியத் தொழிலாளர்', 'மதராஸ் கூலிகள்' என்றெல்லாம் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டுரைகளில் 'கிளிங்' என்ற சொல்லே அதிகம். இன்று அது இழிசொல், யாரும் காதால் கேட்க விரும்பாதது. ஆனாலும் பழைய ஆவணத்தைத் தேடுகிறவர் அதையும் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டாவிட்டால் முன்னோரைப் பற்றிய செய்திகளில் ஒரு பெரும்பகுதி கண்ணில் படாமலேயே போய்விடும்.

ஆண்டுகளும் தேடலுக்கு உதவும் சாவிகளே. ஆள் சேர்ப்புக்கான குடிநுழைவு நிதி 1907-இல் ஏற்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. உதவி பெற்று வரும் தொழிலாளர்களை இனி அனுப்புவதில்லை என்று 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதித்தது. இந்த ஆண்டுகளைச் சேர்த்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும் முடிவுகள் சில பத்துகளாகக் குறையும். அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை 1878 முதல் வெளியிட்ட இதழும், 1923-இல் அதன் வழி வந்த மலாயாக் கிளையின் இதழும் ஜேஸ்டோரில் இருக்கின்றன. வரலாற்று மாணவர் அந்த ஒரு தொகுப்பில் ஒரு நாள் முழுவதும் செலவிடலாம். மலாய்மொழியை மறந்துவிடக் கூடாது. பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் 'கஜியான் மலேசியா' போன்ற இதழ்களில் 'லாடாங்', 'கவும் இந்தியா' என்ற சொற்களைப் போட்டுப் பார்த்தால் ஆங்கிலத்தில் கிடைக்காத கட்டுரைகள் கிடைக்கும். மூன்று மொழி தெரிந்த பிள்ளை ஒரே மொழியில் தேடுவானேன்?

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகளின் நிலை வேறு. பன்னாட்டுத் தரவுத்தளங்களில் தமிழ் எழுத்தில் தட்டினால் கிடைப்பது சொற்பம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ்ப் பேராய்வு' போன்ற ஆய்விதழ்கள் இணையத்தில் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் தளங்களுக்கு நேரே போய்ப் பார்ப்பதே உறுதியான வழி. தனிநாயகம் அடிகளார் 1952-இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' ஆங்கில ஆய்விதழ் போன்றவற்றுக்கு, அச்சுப் பிரதி அலமாரியில் இருக்கிறதா என்று நூற்பட்டியலையும் பார்க்க வேண்டும். அடிகளார் பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்று, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவர். அவர் நடத்திய இதழைக் கையில் எடுத்துப் பார்க்காமலே பட்டம் பெற்றுப் போகிற தமிழ் மாணவர்களும் இருக்கிறார்கள்.

கூகலை விட்டுவிடச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2004-இல் வந்த 'கூகல் ஸ்காலர்' ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே உள்ள தேடல். அதன் அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' என்ற பகுதி உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு முறை சேர்த்துவிட்டால், நூலகம் இந்த வசதியில் பதிந்திருக்குமானால், தேடல் முடிவின் பக்கத்திலேயே நூலகத்தின் வழி இணைப்பு தோன்றும். ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டிப் பின்னால் எழுதியவர்கள் யார் என்பதையும் அது காட்டும். 2009-இல் வந்த கட்டுரையிலிருந்து நேற்று வந்த கட்டுரை வரை அந்த நூலைப் பிடித்தே நடந்து வரலாம்.

சரி, நூலகத்தில் உண்மையிலேயே இல்லையென்றால்? அப்போதும் பணப்பையைத் திறக்க அவசரம் இல்லை. வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் சேவை பல்கலைக்கழக நூலகங்களில் உண்டு. கட்டுரையாசிரியர் தம் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் ஒரு பிரதியை இலவசமாக வைத்திருக்கலாம். 'அன்பேவால்' என்னும் இலவசக் கருவியை உலாவியில் சேர்த்துக்கொண்டால் அத்தகைய பிரதி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கட்டுரைக்குக் கட்டும் பணம் வழக்கமாக அவருக்குப் போவதில்லை, அதனால் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நூலகரிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் தோட்டப்புறத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். நூலகர் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதே கேட்பவர்களுக்காகத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வழி கிடைத்துவிட்டது என்று ஒரே இரவில் ஓர் இதழின் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இறக்கிவைக்கக் கூடாது. ஒப்பந்தங்கள் அதைத் தடை செய்கின்றன. பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுகொண்டால் மூடுவது அந்த மாணவரின் கணக்கை மட்டும் அல்ல, பல்கலைக்கழகம் முழுவதுக்குமான வழியையே மூடிவிடலாம். தேர்வு நேரத்தில் அப்படி நடந்தால் பாதிக்கப்படுவது எல்லாரும்தான். கடவுச்சொல்லை வெளியாருக்குக் கொடுப்பதும் இதே கதையில்தான் முடியும்.

பெற்றோர்கள் அறிய வேண்டியது ஒன்று. பட்டம் பெற்ற சில காலத்துக்குள் மாணவரின் கணக்கு முடிந்துவிடும். அதுவரை படித்தவற்றை ஒழுங்காகச் சேர்த்துவைக்க, 2006-இல் வந்த 'ஜோட்டேரோ' போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் வழி அடைபடுவதில்லை. ஜேஸ்டோரில் தனிப்பட்ட முறையில் இலவசமாகப் பதிந்துகொண்டால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம், இறக்கிக்கொள்ள மட்டும் முடியாது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர்கள் பல தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மலேசிய ஆய்விதழ்கள் பலவற்றை 'மைஜர்னல்' தளத்தில் காணலாம். பல சந்தா ஒப்பந்தங்கள், நூலகத்துக்கு நேரில் வருகிற வெளியாரும் அங்குள்ள கணினியில் படிக்க இடம் தருகின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடு போனால் போதும்.

சுங்கை சிப்புட் மாணவிக்கு அடுத்த பருவத்தில்தான் இதெல்லாம் தெரிய வந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி ஒரு விடுமுறை, அதே மடிக்கணினி. நூலகத் தளத்தின் வழி நுழைகிறாள், ஜேஸ்டோருக்குப் போகிறாள், 26 பக்கமும் திறக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகள்.

"அந்தக் கட்டுரைக்குக் காசு கட்டிட்டியாம்மா?" என்று கேட்கிறார் தாயார்.

"இல்லம்மா. யுனிவர்சிட்டியே கட்டியிருக்கு."

"அப்ப அன்னிக்கு ஏன் கேட்டாங்க?"

"நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, முதல் அடிக்குறிப்பில் இருந்த அடுத்த கட்டுரையைத் தேடத் தொடங்குகிறாள்.